சாவி கொடுக்கக் கூடாது

சீப்புக்காரருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. தெருவுக்குச் சிரிக்க இது போதாதா? பெயர் வைத்தவன் எவனோ வைத்துவிட்டுப் போய்விட்டான். புதிதாகக் குடிவந்தவர்கள் கதவைத் தட்டி, "பேன் சீப்பு இருக்குங்களா?" என்று கேட்பதும், அவர் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்கே இல்லைங்க" என்று அனுப்பிவைப்பதும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது நடந்துவிடும்.

அவருடைய சீப்பு வேறு. நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இசைப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர் அவர். அந்தப் பெட்டிகளுக்குள்ளே எஃகுச் சீப்பு ஒன்று மல்லாந்து படுத்திருக்கும். ஒவ்வொரு பல்லும் ஒரு சுரம். அதன் எதிரே ஒரு பித்தளை உருளை. உருளை முழுக்க மயிரிழை மாதிரி ஆயிரக்கணக்கான முட்கள். உருளை சுற்றும்போது முள் வந்து பல்லைத் தூக்கி விட்டுவிட்டுப் போகும். பல் அதிரும். அவ்வளவுதான் சங்கதி. நாம் கண்ணை மூடிக்கொண்டு உருகுவதெல்லாம் ஒரு முள் ஒரு பல்லை நிமிண்டுகிற நிமிண்டல்தான்.

இதில் ஆபத்தான ஆசாமி ஸ்பிரிங். சாவி கொடுக்கக் கொடுக்கச் சுருண்டு இறுகும். இறுகினது அவிழப் பார்க்கும். அந்த விசைதான் உருளையைச் சுற்றுகிறது. சும்மா விட்டால் ஒரே மூச்சில் அவிழ்ந்து தீர்ந்துவிடும். விடாமல் இழுத்துப் பிடிப்பது ஒரு மூலையில் சுற்றுகிற விரல்நகம் அளவு விசிறி. அது காற்றோடு மல்லுக்கட்டுவதால்தான் பாட்டு நிதானமாக வருகிறது. ஸ்பிரிங் இறுகியிருக்கும்போது யாராவது புத்திசாலி அந்த விசிறியைக் கழற்றினால் போச்சு. உருளை தறிகெட்டுச் சுற்றி, முட்கள் மடங்கி, பற்கள் தெறித்து, ஐந்து நொடியில் பெட்டி குப்பை. சீப்புக்காரர் இதற்கு 'ஓடிப்போச்சு' என்பார். ஒருமுறை தொலைபேசியில், "உங்களுது ஏற்கெனவே ஒரு தடவை ஓடிப்போனதுங்க, பல்லெல்லாம் போயிடுச்சு" என்று யாரிடமோ சத்தமாகச் சொல்லப்போக, எதிர்வீட்டு அம்மா அது எந்த வீட்டுப் பெண் என்று ஒரு வாரம் துருவித் துருவி விசாரித்தாள்.

ஆகவே எந்தப் பெட்டி வந்தாலும் அவர் கை முதலில் செய்கிற வேலை ஒன்றுதான். மூச்சை இறக்குவது என்பார். சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்கைத் தடுத்து நிறுத்தியிருக்கும் கொக்கியை விலக்கி, அரைத் திருப்பு அரைத் திருப்பாகத் தளர விடவேண்டும். கடைசித் திருப்பும் இறங்கின பிறகுதான் திருப்புளியையே எடுப்பார். முப்பது வருஷப் பழக்கம். காலையில் பல் தேய்க்கிறவன் யோசித்துக்கொண்டா தேய்க்கிறான்?

அன்றைக்குப் பெட்டியைக் கொண்டுவந்தவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வீட்டில் சொல்லி அனுப்புகிற சேதியில் மட்டும் பாதியை வழியில் எங்கேயாவது இறக்கி வைத்துவிட்டு வருவார். அக்கா இதற்காக இருபது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். அவரும் இருபது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதமாக அந்த வீட்டில் திட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை.

துணியைப் பிரித்ததுமே சீப்புக்காரருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வாலுவின் பெட்டி. அக்காவின் ஒரே மகள். பிறந்தபோது வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவளுடைய பத்தாவது பிறந்தநாளுக்கு மாமாவே பார்த்துப் பார்த்துப் பழுதுநீக்கிக் கொடுத்த பெட்டி இது. ஆறு பாட்டு. மூன்றாவது பாட்டுக்கு அவள் 'பூனைப் பாட்டு' என்று பெயர் வைத்திருந்தாள். திருட்டுப்பூனை அடுப்படிக்குள் வருவதுபோல அது பதுங்கிப் பதுங்கி வருமாம். பதினேழு வயதில், ஐந்து மாதத்துக்கு முன்னால், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நாலே நாளில் இல்லாமல் போனாள்.

"இதைச் சரி பண்ணணுமாம். உங்கக்கா சொன்னா" என்றார் அத்தான், பெட்டியைப் பார்க்காமல்.

"எங்க நின்னுச்சு அத்தான்?"

"பாட்டு நடுவுல. அன்னிக்கு."

அன்னிக்கு என்றால் என்னிக்கு என்று சீப்புக்காரர் கேட்கவில்லை. அத்தான் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிளம்பினார். வாசல் வரைக்கும் போனவர் ஏதோ ஞாபகம் வந்து திரும்பினார்.

"ஆங், சாவி குடுக்கக் கூடாதாம். கண்டிப்பாச் சொன்னா."

"நின்னுபோன பெட்டிக்கு எவனாவது சாவி குடுப்பானா? எனக்கே பாடம் எடுக்கிறாளா அவ?" என்று சீப்புக்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அத்தான் போனதும் சீப்புக்காரர் பெட்டியை மேஜையில் வைத்தார். திருகாணி உருண்டு விழாதபடி நாலு பக்கமும் சட்டம் அடித்த மேஜை. ஜன்னல் வெளிச்சம் நேராக உருளை மேல் விழுந்தது. உள்ளே ஸ்பிரிங் இறுகியிருந்தது. சாவி கொடுக்கக் கூடாது என்றாள் அக்கா, அவர் கொடுக்கவில்லை. அதற்கு நேர்மாறான வேலையைத்தான் செய்தார். வாலுவின் பெட்டி ஆயிற்றே என்று வழக்கத்தைவிட மெதுவாக, வழக்கத்தைவிடப் பதமாக மூச்சை இறக்கினார். எண்ணுவதும் அவர் பழக்கம். ஒன்பது அரைத் திருப்பு.

மறுநாள் மத்தியானம் அக்கா வந்தாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, துணி போட்டு மூடியிருந்த பெட்டியையே பார்த்தாள். ஐந்து மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"தொட்டியாடா?"

"இன்னும் இல்லக்கா." பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் அக்கா கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது, வாய் முந்திக்கொண்டது.

"நல்ல வேளை. அந்த மனுஷன் ஒழுங்காச் சொன்னாரோ இல்லையோன்னு ராத்திரியெல்லாம் பக்கு பக்குன்னு இருந்துச்சு." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கு வாசல்ல வண்டி வந்து நிக்குது. உடம்பு நெருப்பாக் கொதிக்குது. 'இரும்மா, ஒரு நிமிஷம்'னு உள்ள போய் இதுக்குச் சாவி குடுத்தா. ஏன்டின்னு கத்தினேன். 'ஊசி போடப் போறாங்கல்ல, பூனைப் பாட்டு கேட்டுட்டுப் போறேன்'னா. பாதி பாட்டுல நின்னுபோச்சு. 'மாமாகிட்ட குடுத்துடும்மா, நான் வர்றதுக்குள்ள சரி பண்ணிடுவாரு'ன்னா."

சீப்புக்காரர் பெட்டி மேலிருந்த துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"அவ துணியில இருந்த வாசனை போயிடுச்சுடா தம்பி. மோந்து மோந்தே தீர்த்துட்டேன். போன்ல இருக்கிற குரல் அதே நாலு வார்த்தையைத்தான் சொல்லுது. இது ஒண்ணுதான் அவ ஆரம்பிச்சு இன்னும் முடியாம இருக்கு. அவ குடுத்த சாவி அப்படியே உள்ள இருக்குல்ல? அவ கைப்பலம் உள்ள இருக்குல்ல?"

இருந்தது அக்கா, நேற்று மத்தியானம் வரைக்கும் இருந்தது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும்.

"ம்" என்றார்.

"அதனாலதான் நீ சாவி குடுக்கக் கூடாதுன்னேன். எதையும் தொடாம, நின்னதை மட்டும் ஓட வச்சுடு. அவ குடுத்தது தீர்ற வரைக்கும் ஒரே ஒரு தடவை நான் உக்காந்து கேக்கணும். அப்புறம் பெட்டியை நீயே வச்சுக்கோ, எனக்கு வேணாம்."

"சரிக்கா."

"முடியுமாடா? நெஜமாச் சொல்லு."

"முடியும்க்கா."

அவள் போன பிறகு சீப்புக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஒரே பெண்ணைப் பறிகொடுத்தவள் கடைசியாகக் கேட்ட ஒன்றைத் தன் கையாலேயே கரைத்துவிட்டோமே என்று அழுதார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பெட்டியில் பெரிய கோளாறே இல்லை. விசிறியின் அச்சில் பழைய எண்ணெய் காய்ந்து பசையாகியிருந்தது. மூடியைத் திறந்து, அச்சின் முனையில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, விசிறியை நுனிவிரலால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும், அவள் விட்ட இடத்திலிருந்து பாடியிருக்கும். எதையும் கழற்ற வேண்டாம், மூச்சை இறக்கவும் வேண்டாம். வேலை தெரியாத ஒருவனிடம் பெட்டி போயிருந்தால், அவன் இறக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் எண்ணெயை விட்டுத் தட்டியிருப்பான். வேலை தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

மூன்று நாள் அவர் பெட்டிப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்பது அரைத் திருப்பு என்று எண்ணி வைத்திருக்கிறோம். அதே ஒன்பதைத் திரும்பக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஸ்பிரிங்குக்குக் கொடுத்த கை எது என்று அடையாளம் தெரியுமா? அக்கா கேட்பாள், அழுவாள், மனசு கொஞ்சம் ஆறும். உண்மையைச் சொன்னால் என்ன மிச்சம்? இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்தும்விட்டார்.

வேலையையும் நறுவிசாகச் செய்தார். அச்சைத் துடைத்துப் புது எண்ணெய் விட்டார். உருளையைப் பின்பக்கம் திருப்பக் கூடாது, பல் உடையும். ஆகவே சோதனைக்காக ஓட்டிய பிறகு ஆறு பாட்டையும் முன்னோக்கியே ஓடவிட்டு, பூனைப் பாட்டு திரும்ப வரும்போது, அது முன்பு நின்றிருந்த அதே சுரத்தில் விசிறிக்கு நடுவே காகிதத் துண்டைச் செருகி நிறுத்தினார். நாலு தடவை தவறி, ஐந்தாவது தடவை சரியாக நின்றது. மிச்ச மூச்சை முழுக்க இறக்கினார். பிறகு சாவியைப் பிடித்து ஒன்பது அரைத் திருப்பு கொடுத்தார். கொடுக்கும்போது கை கூசியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவும் அத்தானும் வந்தார்கள். அக்கா தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதைப் பார்த்ததுமே சீப்புக்காரருக்கு எழுந்து எங்காவது போய்விடலாம் என்று இருந்தது.

"விடுடா" என்றாள்.

காகிதத் துண்டை உருவினார். விசிறி சுற்ற ஆரம்பித்தது. பாட்டு நடுவிலிருந்து, ஒருவர் பேச்சைப் பாதியில் விட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வது போல வந்தது. பூனை இரண்டடி வைத்து, நின்று, மறுபடி இரண்டடி வைத்தது.

அக்கா கண்ணை மூடவில்லை. சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் மாறியது. "பலத்தைப் பாருங்களேன்" என்று அத்தானிடம் சொன்னாள். "அன்னிக்கு நூத்தி நாலு காய்ச்சல். எப்படித் திருகியிருக்கு பாருங்க என் தங்கம்." அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. மகள் போனதிலிருந்து அவர் யாரெதிரிலும் அழுததில்லை.

பூனைப் பாட்டு முடிந்தது. நாலாவது பாட்டு முடிந்தது. ஐந்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா சட்டென்று எழுந்தாள்.

"நிறுத்து! நிறுத்துடா தம்பி, நிறுத்து!"

அவர் பதறிப்போய்க் காகிதத்தைச் செருகினார்.

"மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"நாலு... நாலு அரைத் திருப்பு இருக்கும்."

"போதும். அது இருக்கட்டும்." அவள் பெட்டியை இழுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். "தீர்ற வரைக்கும் கேக்கணும்னுதான் வந்தேன். முடியலடா. தீர்ந்துட்டா அப்புறம் எனக்கு என்ன இருக்கு? இது வீட்டுல என் தலைமாட்டுல இருக்கட்டும். யாரும் தொட வேணாம். அவ கை உள்ள இருக்குன்னு நெனச்சுக்கிட்டே மிச்சக் காலத்தை ஓட்டிடுவேன். நான் போறப்ப இதைத் திறந்து விடுங்க, அது போதும்."

சீப்புக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு பொய் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். இப்போது அக்கா தினமும் படுக்கும்போது அவருடைய நாலு அரைத் திருப்பைத் தடவிப் பார்த்து, மகளே என்று கூப்பிடப் போகிறாள். சாகிறவரைக்கும் கூப்பிடப் போகிறாள். அவருக்கு அது தாங்கவில்லை.

"அக்கா, அதுல அவ குடுத்தது இல்ல."

அக்கா புரியாமல் பார்த்தாள்.

"அத்தான் கொண்டுவந்து குடுத்த அன்னிக்கே நான் இறக்கிட்டேன். எந்தப் பெட்டி வந்தாலும் மொதல்ல அதைத்தான் பண்ணுவேன். கை தானாப் போயிடுச்சுக்கா. நீ வந்து கேட்டப்ப பயத்துல பொய் சொல்லிட்டேன். இப்ப உள்ள இருக்கிறது நான் குடுத்தது."

முதலில் அத்தான்தான் வாயைத் திறந்தார்.

"சாவி குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே நான்."

"நான் குடுக்கல அத்தான். இறக்கினேன்."

அத்தானின் முகம் வெளுத்தது. "எதையும் தொட வேணாம், நான் வந்து சொல்ற வரைக்கும் துணியைக்கூடப் பிரிக்க வேணாம்னு சொல்லச் சொன்னா" என்று மெதுவாகச் சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதானேன்னு... அதை நான் சொல்லாம விட்டுட்டேன்." ஒரு எழுத்து மாறினாலும் சிவப்பு மையில் சுழிக்கிற மனுஷர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். கொஞ்சம் தள்ளியும் வைத்தாள். கத்துவாள் என்று சீப்புக்காரர் காத்திருந்தார், கத்தியிருந்தால் தேவலை.

"எப்படி இறக்குவே?" என்று கேட்டாள்.

"என்னக்கா?"

"அவ குடுத்ததை எப்படி இறக்கினே? என்ன பண்ணினே? சொல்லு."

அவர் வாய் குழறிக் குழறிச் சொன்னார். "சாவியைக் கெட்டியாப் பிடிச்சுக்குவேன். கொக்கியை விலக்கினதும் ஸ்பிரிங் அவிழப் பார்க்கும். சாவி திரும்பி வரும். விட்டுடாம கையால தாங்கிக்கிட்டே, அரை அரைத் திருப்பா, ஒன்பது தடவை..."

"திரும்பி வர்றப்ப கையை என்ன பண்ணும்?"

"தள்ளும்க்கா."

"பலமாவா?"

"பலமாத்தான். மொதல் ரெண்டு மூணு திருப்பு ரொம்ப பலமாத் தள்ளுச்சு. போகப் போகக் கொறஞ்சு, கடைசியில லேசா..."

"எந்தக் கை?"

அவர் வலது கையை நீட்டினார். அக்கா அதைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, தன் பலமெல்லாம் சேர்த்து ஓங்கி ஓர் அடி அடித்தாள். அத்தான் எழுந்து தடுக்க வந்தார். அதற்குள் அவள் அந்தக் கையை இழுத்துத் தன் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள். ஐந்து மாதமாக எங்கேயோ கிடந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"புள்ள உன் கையைப் பிடிச்சுத் தள்ளியிருக்காடா" என்றாள். "ஒன்பது தடவை தள்ளியிருக்கா. உனக்குத் தெரியலையேடா, தம்பி. எனக்குத் தெரிஞ்சிருக்குமேடா."

சீப்புக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்தார். அத்தான், வண்டி கூப்பிடட்டுமா என்று கேட்டார். தெருவிளக்கு எரியத் தொடங்கிய பிறகும் அக்கா அந்தக் கையை விடவில்லை.